பழைய மெத்தை வீட்டைப் பழுதுபார்க்க: குறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வேலூர் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை, ஆற்காடு, வாலாஜாபேட்டை, குடியாத்தம், ஆரணி என்று வட ஆற்காட்டின் பழைய தெருக்களில் இன்னும் நிற்கிற வீடுகளில் பல ஒரே மாதிரிக் கட்டியவை. கீழே கருங்கல் கடைக்கால். அதன் மேல் சுண்ணாம்போ மண்ணோ வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர். தலைக்கு மேல் மர உத்திரம் தாங்கும் மெட்ராஸ் டெரஸ், அதாவது மெத்தை என்று நாம் சொல்கிற செங்கல் சுண்ணாம்புத் தளம், இல்லையென்றால் நாட்டு ஓடு. இந்தச் சுவருக்குள் ஈரம் வரும், காற்றுப்பட்டு வெளியே போகும். வந்து போகட்டும் என்றுதான் சுண்ணாம்பில் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, எனாமல் அடித்து அந்த ஈரம் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். கீழே வருகிற கோளாறுகளில் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் எந்தக் குறியைப் பார்த்தாலும் கரணையை எடுக்கும் முன் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேற முடியாமல் நிற்கிறது என்று தேடுங்கள்.

காலம் முக்கியம். நம் பக்கம் ஆடி, ஆவணியிலேயே சாயங்கால இடிமழை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சுவரை உரித்துக் காயவிடுவதும் கூரை வேலையும் பொங்கலுக்குப் பிறகு தொடங்கினால் சரியாக வரும். சுண்ணாம்புப் பூச்சுக்கு மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். கத்திரி வெயிலில் பூசாதீர்கள். ஏன் என்று கடைசிப் பகுதியில் இருக்கிறது.

மூன்று குறிகளைக் கண்டால் சொந்தக் கை வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்: உத்திரம் சுவரில் உட்காரும் இடத்தில் உளுத்திருப்பது, சுவர் தூக்குக்குண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருப்பது, மூன்று மாதத்துக்குள் அகலமாகிக்கொண்டே போகிற விரிசல்.

சுவர் அடியில் ஓதம் ஏறி, உப்பு பூத்து, காரை உதிர்கிறது

இந்த ஊரில் அதிகம் கேட்கிற புகார் இதுதான். அதிகம் தவறாகச் செய்யப்படும் வேலையும் இதுதான். உதிர்ந்த காரையைத் தட்டிவிட்டு, சிமெண்ட் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பார்கள். ஒரு வருடம் நன்றாக இருக்கும். அடுத்த மழைக்கு, முன்பு 2 அடியில் நின்ற ஓதம் 4 அடிக்கு ஏறியிருக்கும். சிமெண்ட் பூசிய இடத்தில் வெளியேற முடியாத ஈரம், பூச்சு எங்கே முடிகிறதோ அதற்கு மேலே போய் வெளியேறுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் எந்த ஈரம் என்று பிரித்துப் பாருங்கள்.

ஓதம் தரையிலிருந்து தொடங்கி, ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் 2, 3 அடியில் நின்றால் அது நிலத்திலிருந்து ஏறுவது. பழைய வீடுகளில் கடைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தடுப்பு வரிசை கிடையாது. ஓதம் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் பின்னால் குளியலறையோ, உடைந்த குழாயோ, மாடித் தண்ணீர் விழும் இடமோ இருக்கும். மேலிருந்து கீழே நாக்குபோல் இறங்கினால் கூரையைப் பாருங்கள். மழையே பெய்யாமல் வானம் மூடினாலே சுவர் வேர்க்கிறது என்றால் காரைக்குள் ஏற்கெனவே உப்பு நிறைந்துவிட்டது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. முன்பு மாட்டுக்கொட்டகையோ எடுப்புக் கக்கூஸோ இருந்த பக்கத்துச் சுவரில் இதை அடிக்கடி பார்க்கலாம். அந்தக் காரையை எடுத்தாக வேண்டும், அதைக் காயவைத்துப் பயனில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு அடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் படிகிறது. நம் ஊர் வறட்சியில் அது அபூர்வம், ஜன்னல் இல்லாத சமையலறையில் வரலாம்.

அடுத்து வெளியே போய்த் தெருவைப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே சிமெண்ட் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்திருக்கும். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். அப்படியானால் கடைக்கால் மட்டத்துக்கு மேலே, செங்கல் சுவரிலேயே தெருவின் ஈரமண் சாய்ந்து நிற்கிறது. இதைச் சரிசெய்யாமல் உள்ளே என்ன பூசினாலும் நிற்காது.

செய்யும் வரிசை:

1. வெளிப்புறம் சுவரை ஒட்டி ஒரு அடி அகலம், ஒன்றே கால் அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. ஒரே நாளில் சுவர் முழுக்கத் தோண்டாமல் 5, 6 அடியாகத் தோண்டி மூடிக்கொண்டே போங்கள். 40 மி.மீ. ஜல்லி நிரப்பி, தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடும்படி அடியில் வாட்டம் கொடுங்கள். மேலே சிமெண்ட் போட்டு மூட வேண்டாம், ஜல்லி திறந்தே இருக்கட்டும். தெருப் பக்கம் தோண்டுவதற்கு உள்ளாட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. உள்ளேயும் வெளியேயும் ஓதக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பூச்சை உரியுங்கள். செங்கல் இடுக்கில் மாவாகிப்போன காரையை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள்.

3. பூத்த உப்பைக் காய்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்த உப்பு அப்படியே செங்கலுக்குள் போய்விடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தேய்த்தால், முதல் சில வாரம் புதுசாகப் பூத்துக்கொண்டே இருக்கும், பிறகு குறையும்.

4. காயவிடுங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. இரு பக்கமும் உரித்த 9 அங்குலச் சுவருக்கே நாலைந்து மாதம் ஆகலாம். பொறுமை இல்லாமல் வேலை கெடுவது இந்த இடத்தில்தான். வீட்டில் இருந்துகொண்டே வேலை செய்கிறவர்கள் ஓர் அறையை உரித்துக் காயவிட்டு, அதற்குள் வேறு வேலையைப் பாருங்கள்.

5. அவ்வளவு நாள் விட முடியாவிட்டால், 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் வைத்து ஒரு பலிப்பூச்சு பூசுங்கள். செங்கலில் உள்ள உப்பு அதற்குள் வந்து சேரும். ஒரு மழைக்காலம் போனதும் அதை முழுக்கத் தட்டி எடுத்து வெளியே எறிந்துவிட்டு, நிரந்தரப் பூச்சைப் பூசலாம். சுண்ணாம்பும் மணலும் வீணாகிறதே என்று தோன்றும். உப்போடு சேர்ந்து போவதற்காகவே பூசியது அது.

நிரந்தரப் பூச்சுக்குக் கணக்கு: 100 சதுர அடிக்கு அரை அங்குலக் கனம் என்றால் இடுக்கு நிரப்பவும் சிதறவும் சேர்த்து ஏறக்குறைய 5 கன அடி மணல், ஒன்றே முக்கால் கன அடி நீற்றிய சுண்ணாம்பு விழுது. ஈரம் உள்ள சுவருக்கு மணலில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த அளவுக்குச் சுர்க்கி, அதாவது நன்றாக வெந்த செங்கல் பொடி, சேருங்கள். வேகாத செங்கல்லை இடித்த பொடி வெறும் மண்தான். மணலுக்குப் பதில், பூச்சுக்கென்று கல்லை அரைத்து விற்கும் பி சாண்ட் வாங்கினால், ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே படியும் மண்தூசு மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் வேண்டாம்.

ஒன்றே முக்கால் கன அடி விழுதுக்குச் சுமார் 25 கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல் பிடிக்கும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல். கல் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டிரம் அந்தச் சூட்டில் இளகிவிடும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் நிற்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரி. நீற்றிய விழுதைச் சல்லடையில் வடித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க, குறைந்தது இரண்டு வாரம் ஊறவிடுங்கள். நீறாத சின்னக் கல் ஒன்று பூச்சுக்குள் போனால் ஆறு மாதம் கழித்துப் பொங்கி, சுவரில் அம்மைத் தழும்புபோல் குழி விழும்.

கலவைக்கு என்ன தண்ணீர் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பல போர் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். உப்பை வெளியேற்ற மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை ஊற்றி ஈரப்படுத்தினால் எடுத்த உப்பைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றும் முறையையும் இப்போது விற்கிறார்கள். இடுக்கு நிறைந்த செங்கல் சுவரில் அது ஓரளவு பலிக்கும். அடியில் ஒழுங்கற்ற கருங்கல் கட்டு இருக்கிற நம் வீடுகளில் மருந்து பொந்துகளில் ஓடிப்போய்விடும், தடுப்பு முழுமையாக உருவாகாது.

மெத்தை ஒழுகுகிறது

மெட்ராஸ் டெரஸின் அடுக்குகளைக் கீழிருந்து சொன்னால்: தேக்கு உத்திரமும் கட்டைகளும், அதன் மேல் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த மெல்லிய செங்கல், அதன் மேல் 3, 4 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான தள ஓடு.

கறை எங்கே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் என்றால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையோ, மழைநீர்க் குழாயின் வாயோ விட்டிருக்கிறது. அறை நடுவில் என்றால் தட்டோட்டு இடுக்கு. மழை நின்ற மறுநாளும் சொட்டினால் ஜல்லி அடுக்கு பஞ்சுபோல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. கூரையடியில் வெள்ளையாகக் குச்சிபோல் தொங்கினால் சுண்ணாம்பே கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தளத்தில் தண்ணீர் கட்டி நிறுத்துவார்கள். மரத்தின் மேல் நிற்கிற கூரையில் அது வேண்டாம். 100 சதுர அடியில் 2 அங்குலம் தண்ணீர் ஏறக்குறைய 470 கிலோ. அதற்குப் பதில் 3 அடிச் சதுரத்துக்கு ஈரச் சாக்கு விரித்து, இரண்டு மணி நேரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி மேட்டுப் பக்கம் நகருங்கள். எந்தச் சாக்குக்குக் கீழே கறை கருக்கிறதோ அந்த இடம். தாழ்விலிருந்து தொடங்காவிட்டால் மேலே ஊற்றியது வழிந்து வந்து ஏமாற்றும்.

இடுக்கு மட்டும் போயிருந்தால், இடுக்கை முக்கால் அங்குலம் சுரண்டி, தூசு ஊதி, ஈரப்படுத்தி, சுண்ணாம்பு, சுர்க்கி, சலித்த மணல் மூன்றும் சம பங்கு கலந்து, மெல்லிய கம்பியால் அழுத்தி அடையுங்கள். உடைத்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் கலவை போடுவது நம் பக்கத்து வழக்கம். கலவை வழுவழுப்பாகி இடுக்கில் நன்றாக இறங்கும். ஈரச் சாக்கால் மூடிப் பத்து நாள் வையுங்கள்.

தட்டோட்டைத் தட்டினால் பொத் பொத்தென்று கேட்கிற இடத்தில் ஜல்லியும் செத்திருக்கும். ஓட்டை எடுத்து, இளகிய ஜல்லியை அள்ளிவிட்டு, 20 மி.மீ. செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்து கலந்து கொட்டி, மரத் தட்டுப்பலகையால் அடிக்க வேண்டும். முதல் நாள் பலகை அமுங்கும், சுண்ணாம்புப் பால் மேலே வரும். அந்தப் பாலின் மேல் கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தினமும் அடித்துக்கொண்டே போனால் ஐந்தாறு நாளில் சத்தம் மாறும். பலகை தளத்தில் பட்டதும் எகிற ஆரம்பித்து, அடித்த இடத்தில் தடம் விழாமல் இருந்தால் தளம் பிடித்துவிட்டது. அதற்கு முன் நிறுத்தினால் மறுபடி ஒழுகும். இந்த வேலைக்கு மட்டும் பழைய கொத்தனார் ஒருவரைத் தேடிக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம் இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் மூலையை 3 அங்குலத்துக்கு வளைவாகப் பூசிவிடுங்கள். நேர்மூலையில்தான் விரிசல் விழும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். பாதி வேர் உள்ளேயே நின்று திரும்பத் தழைக்கும். அந்த இடத்துச் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்து, வேரை முழுசாக வெளியே இழுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

ஒழுகலுக்குப் புதுக் காங்கிரீட் போட்டு மூடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு அங்குலக் காங்கிரீட் 100 சதுர அடிக்கு அரை டன்னுக்கு மேல் கனம். ஏற்கெனவே ஒரு முறை அப்படிப் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகுதான் வேறு எதையும் சேர்க்கலாம். எடுக்கும்போது கீழே சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, அறையில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக்கர் மிஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும்.

உத்திரத்திலிருந்து தூள் கொட்டுகிறது

மாவுபோல் மெல்லிய தூளும் குண்டூசித் துளையும் இருந்தால் உளுவண்டு. மண்கோடு ஏறியிருந்தால் கரையான். இரண்டுக்கும் மருந்து வேறு.

எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க, சுத்தியல் காம்பால் உத்திரம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தேக்கு கணீரென்று கேட்கும். உள்ளே தின்ற இடத்தில் சத்தம் அடைத்துப்போகும். பிறகு ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளி உள்ளங்கையால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. சுவருக்குள் ஈரம் பட்டு முனைதான் முதலில் கெடும், நடுப்பாகம் பார்க்க நன்றாகவே இருக்கும். பெயிண்ட் அடித்த உத்திரத்தில் இந்தச் சோதனை செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உளுவுக்குப் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை இரண்டு மூன்று முறை பிரஷ்ஷால் ஊட்டுங்கள். மரத்தில் பெயிண்ட் இருக்கும்வரை உள்ளே இறங்காது. 2017 நவம்பரில்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்றே எடுத்துக்கொண்டு, காய்ந்த உப்புத்தாள் போடாமல் நனைத்துச் சுரண்டி, துகளைத் துணியில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். கர்ப்பிணியும் குழந்தைகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

கரையானுக்கு மரத்தில் மருந்து அடித்து மட்டும் பலனில்லை, அது தரையிலிருந்து வருகிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி கலந்து ஊற்றி அடைப்பார்கள். முற்றத்தில் கிணறு இருந்தால் அந்தப் பக்கம் மருந்தே போகக் கூடாது.

சுவரில் விரிசல்

விரிசலை அடைப்பதற்கு முன் அது இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் உட்பட மூன்று நான்கு மாதம் அளவு மாறாவிட்டால் பழைய விரிசல்; சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தால் போதும்.

ஜன்னல் மூலையிலிருந்து படிபோல் ஏறினால் அந்தப் பக்கத்துக் கடைக்கால் இறங்கியிருக்கிறது. கீழே சாக்கடை கசிகிறதா, மாடித் தண்ணீர் அங்கே விழுகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் விடை அங்கே கிடைக்கும். பழைய சுவரும் பின்னால் சேர்த்துக் கட்டிய அறையும் ஒட்டும் இடத்தில் நேராக மேலிருந்து கீழே விழும் விரிசலை எத்தனை முறை அடைத்தாலும் திரும்பும், ஏனென்றால் இரண்டும் தனித்தனி அஸ்திவாரம். அதை இணைக்கப் பார்க்காமல் இடைவெளியாகவே விட்டு, மேலே பட்டை அடித்து மறைத்துவிடுங்கள். காங்கிரீட் தளத்துக்குக் கீழே கிடையாக ஓடுகிற விரிசலுக்குச் சித்திரை வெயில் காரணம். தளம் பகலில் விரிந்து ராத்திரியில் சுருங்குகிறது. தளத்தின் மேல் வெள்ளை அடித்துச் சூட்டைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம்.

நாட்டு ஓட்டுக் கூரை சொட்டுகிறது

பகலில் உள்ளே நின்று வெளிச்சம் தெரியும் இடத்துக்குக் கீழே தரையில் சாக்பீஸால் குறியிட்டு, பிறகு மேலே ஏறுங்கள். பாதி நேரம் ஓடு நழுவியிருக்கும், அவ்வளவுதான். ரீப்பர் மேல் பலகை போட்டு அதன் மேல் நடங்கள், ஓட்டில் கால் வைத்தால் பத்து உடையும். ஒரே வரிசை திரும்பத் திரும்ப நழுவினால் ஓட்டைக் குறை சொல்லாமல் அந்தக் கைமரத்தைப் பாருங்கள், வளைந்திருக்கும்.

தரை எப்போதும் பிசுபிசுப்பு, கடப்பைக்கல் ஆடுகிறது

கல்லை எடுத்து அடியில் மண்ணைப் பாருங்கள். ஈரம் இருந்தால் மேலே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டக் கூடாது. தரையால் வெளியேறிய ஈரம் சுவர் வழியாக ஏறத் தொடங்கும். டைல்ஸ் போட்ட அடுத்த வருடமே சுவரில் ஓதம் வந்த வீடுகளில் இதுதான் நடந்திருக்கும். 4 அங்குலம் மண்ணை எடுத்து, பெரிய ஜல்லி நிரப்பி, அதன் மேல் சுண்ணாம்புக் கலவை போட்டு அதே கல்லைப் பதித்தால் போதும். இடுக்கையும் சுண்ணாம்பால் அடையுங்கள்.

சுவரையோ குழாயையோ தொட்டால் ஷாக்

உடனே மெயினை அணையுங்கள். மரப்பட்டியில் ஓடும் பழைய வயரின் ரப்பர் உறை உதிர்ந்து, ஓதச் சுவரில் மின்சாரம் கசிகிறது. இந்த வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மி.மீ. வயர், எல்லாப் பிளக்குக்கும் எர்த், மின்கசிவு கண்டதும் இணைப்பை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி.

ஆர்சிசிபி போட்ட பிறகு அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது. எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் விழுந்தால் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்; ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள எம்சிபி சுவிட்சை அணைத்தால் ஃபேஸ் மட்டுமே அறுபடும், எனவே நியூட்ரலையும் கழற்றிப் பார்த்தால்தான் கசிவு பிடிபடும். நம் ஊர்க் கோடையில் எர்த் குழி காய்ந்து எர்த் வேலை செய்யாமல் போகும். பங்குனியிலிருந்து வாரம் ஒருமுறை குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது

டேங்க் நிறைந்திருந்தும் அப்படி வந்தால் பழைய ஜிஐ குழாய்க்குள் துருவும் உப்பும் அடைத்திருக்கிறது. ஆசிட் ஊற்றினால் ஓட்டை விழும். சுவரை வெட்டாமல் புதுக் குழாயை வெளியே கிளாம்ப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பார்க்க அழகில்லைதான், ஆனால் கசிந்தால் அன்றே தெரியும்.

புதுப் பூச்சு கையில் மாவாக வருகிறது

இது நாம் செய்த வேலையின் கோளாறு. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். வெயிலிலும் மேல்காற்றிலும் இரண்டு நாளில் காய்ந்துவிட்டால் இறுகாமல் மாவாகவே நின்றுவிடும். பூசும் முன் சுவரை முதல் நாள் சாயங்காலமும், பூசும் காலையும் நனைத்து, பளபளப்பு போனதும் பூசுங்கள். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பத்து நாள் காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். குழாயைப் பிடித்துப் பீய்ச்சினால் மேல்பால் கழுவிக்கொண்டு போகும்.

நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் நன்றாக இறுகியிருக்கிறது. நகம் உள்ளே போய்த் தூள் வந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத் திரும்பப் பூசுங்கள், அதன் மேல் எதை அடித்தாலும் உரியும். பூச்சு நன்றாக இருந்து, மேலே வலைபோல் முடி விரிசல் மட்டும் இருந்தால் விழுது அதிகமாகியிருக்கிறது. நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பைத் துணியால் தேய்த்து நிரப்பலாம். வெள்ளையடிக்க நாலு வாரமாவது போகட்டும். பட்டியும் எமல்ஷனும் இந்தச் சுவருக்கு வேண்டாம். மூன்று கைச் சுண்ணாம்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள், ஒவ்வொரு கையும் பால் பதத்தில் நீர்க்க. கெட்டியாக ஒரே கையில் அடித்தால் தோள் உரசியதும் சட்டையில் ஒட்டும்.